விளையாட்டும் வினையாகும்!

"விளையாட்டு வினையாகும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி எச்சரிப்பதுண்டு. அங்கே வினை என்றால் துன்பம். ஆனால் அதே சொல்லுக்குத் தொழில் என்ற பொருளும் உண்டென்று தமிழ் வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். அந்தப் பொருளில் விளையாட்டை வினையாக்கிக் கொண்டவர்கள் உலகில் பலர். அவர்களுள் ஒருவரே அமெரிக்க நாட்டுக் கோல்ஃப் வீராங்கனை பேப் சகாரியாஸ்.

முதலில் கோல்ஃப் ஆட்டத்தைப் பற்றிச் சிறிது தெரிந்து கொள்வோம். பரந்த புல்வெளியில் 18 குழிகள் இருக்கும். ஒவ்வொரு குழியின் விட்டமும் நாலேகால் அங்குலமே. எலுமிச்சம் பழம் அளவுள்ள கெட்டியான பந்தை மட்டையால் அடித்து, அடித்து, ஒவ்வொரு குழியிலும் விழச் செய்ய வேண்டும். மற்ற ஆட்டங்களில் அதிக எண்ணிக்கை எடுத்தவர் வெல்வார். இதிலோ குறைந்த அடிகளில் முடித்தவரே வெல்வார். ஓர் அடி கூடினாலும் நட்டமே. 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக் போட்டியில், பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் ஒரே ஓர் அடியில் வெண்கலப் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காம் இடம் பெற்றார். அன்று அவருடைய மட்டைப் பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவருடைய தாயார்!

இந்த ஆட்டத்தை ஆடுவோர் இரு வகையினர். மகிழ்ச்சிக்காக ஆடுவோரை அமெச்சூர் என்பர். பரிசுப் பணத்தை நம்பி ஆடுவோர் தொழில்முறை ஆட்டக்காரர். பின்னவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பயணச் செலவும் தங்கும் செலவும் அவரைச் சேர்ந்தவை. பெரும்பாலான போட்டிகளில் முதல் இரண்டு நாட்கள் முடிந்ததும் பின்தங்கியவர்களை நீக்கி விடுவார்கள். அவர்கள் வெறுங்கையோடு அடுத்த ஊருக்குப் புறப்பட வேண்டியதுதான்.

இத்தகைய தொழிலைத் தேர்ந்தெடுத்த பேப், 1911-ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் போர்ட் ஆர்தர் என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் மில்ட்ரெட் எல்லா டிட்ரிக்சன். பெற்றோர் நார்வே நாட்டிலிருந்து குடியேறியவர்கள். தந்தை தச்சு வேலை செய்தவர். வசதி குறைந்த வீடு. ஆனால் ஓட்டம், பந்து எதுவாயினும் அந்தச் சிறுமியை யாராலும் முந்த முடியவில்லை.

1932-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசியத் தடகளப் போட்டிக்கு, தாம் வேலை பார்த்த காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் பேப் தனி ஒருவராகவே ஓர் அணியாகச் சென்றார். எட்டுப் போட்டிகளில் கலந்து கொண்டு 30 புள்ளிகள் பெற்றார். 22 பெண்கள் கொண்ட இன்னோர் அணி 22 புள்ளிகளுடன் இரண்டாம் இடத்தில் நின்றது! அதே ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் தடை தாண்டும் ஓட்டத்திலும் ஈட்டி எறிதலிலும் தங்கப் பதக்கம். உயரம் தாண்டுதலில் வெள்ளிப் பதக்கம்.

புகழ் வந்தது, பிழைப்புக்கு வழி வரவில்லை. அந்நாளில் ஓடியும் எறிந்தும் ஒரு பெண் சம்பாதிக்க முடியாது. "பெண்ணுக்கு இது அழகா?" என்று ஏளனமாக எழுதிய பத்திரிகையாளரும் இருந்தனர். எனவே பேப் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுத்தார். உள்ளங்கை புண்ணாகும் வரை நாள் முழுதும் பயிற்சி செய்தார். 1935-இல் டெக்சாஸ் பெண்கள் போட்டியில் வென்றார். உடனே இன்னொரு தடை எழுந்தது. வேறு விளையாட்டுகளில் பணம் பெற்றவர் என்று காரணம் காட்டி, அவரை அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கினர். பெண்களுக்கான தொழில்முறைப் போட்டிகளோ மிகச் சில. ஒரு கதவு மூடிவிட்டது; மறு கதவு இன்னும் செய்யப்படவே இல்லை!

அவர் சோர்ந்துவிடவில்லை. 1938-இல் ஆண்களுடைய போட்டியிலேயே ஆடினார். அங்கே சந்தித்த மல்யுத்த வீரர் ஜார்ஜ் சகாரியாஸை அதே ஆண்டு மணந்தார். பின்னர் பரிசுப் பணம் வாங்காமல் பொறுத்திருந்து, 1943-இல் அமெச்சூர் உரிமையைத் திரும்பப் பெற்றார். 1947-இல் ஸ்காட்லாந்தில் நடந்த பிரிட்டிஷ் பெண்கள் அமெச்சூர் போட்டியில் வென்ற முதல் அமெரிக்கப் பெண் ஆனார்.

மூடிய கதவுக்கு முன் நின்று அழுவதைவிடப் புதுக் கதவு செய்வது மேல் அல்லவா? 1950-இல் பேப் உள்ளிட்ட 13 பெண்கள் சேர்ந்து பெண்களுக்கான தொழில்முறைக் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கினர. திடலை ஒழுங்கு செய்வது முதல் செய்தித்தாளுக்குத் தகவல் கொடுப்பது வரை எல்லாம் அவர்களே செய்தனர். இன்று அதிதி அசோக் போன்றவர்கள் ஆடுவது அந்தச் சங்கத்தின் போட்டிகளில்தான்.

1953-இல் பேப்புக்குக் குடலில் புற்றுநோய் கண்டது. பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. குடலின் வழியை மாற்றி வயிற்றில் திறப்பு வைத்தனர். அந்தக் காலத்தில் புற்றுநோய் என்ற சொல்லையே வெளியில் சொல்ல மாட்டார்கள். நோய் முழுவதும் நீங்கவில்லை என்பதை மருத்துவர்கள் அவருடைய கணவரிடம் சொன்னார்களே தவிர, அவரிடம் சொல்லவில்லை. ஆனால் பேப் தம் நோயை மறைக்கவில்லை. பத்திரிகைகளில் வெளிப்படையாகப் பேசினார். புற்றுநோய் ஒழிப்புக்கு நிதி திரட்ட உதவினார். நான்கு மாதங்களுக்குள் மீண்டும் திடலில் இறங்கினார். 1954-ஆம் ஆண்டு அமெரிக்கப் பெண்கள் ஓபன் போட்டியில், வயிற்றில் அந்தத் திறப்போடு ஆடி, இரண்டாமவரைவிட 12 அடிகள் குறைவாக முடித்து வென்றார்.

நோய் திரும்பி வந்தது. 1956 செப்டம்பரில், 45-ஆம் வயதில் பேப் இறைவனடி சேர்ந்தார்.

தோழியரே! பேப் வென்ற கோப்பைகளை நாம் வெல்லாமல் போகலாம். ஆனால் அவருடைய துணிவு நமக்கும் வேண்டும். நம் வீடுகளில் இன்றும் இந்த நோயைப் பெயர் சொல்லாமல் "அந்த வியாதி" என்றே தாழ்ந்த குரலில் பேசுகிறோம். அம்மாவும் பாட்டியும் தம் வலியை யாரிடமும் சொல்லாமல் அடுப்படியிலேயே மறைத்துக் கொள்கிறார்கள். சொன்னால்தானே மருத்துவம் தொடங்கும்? இன்று வீட்டுக்குப் போனதும் அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உடம்புக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்போம். அவர்கள் சொல்லும்வரை காத்திருப்போம்.