வளவு வேலையும் மின்கலவடுக்கும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதற்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்வெளியாக விரிவது படுவான்கரை. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்ததும் இரு கரைகளிலும் புல்லும் பற்றையும் மண்டும். அவற்றை வெட்டப் பெற்றோல் இயந்திரமா, மின்கலவடுக்கில் இயங்கும் கம்பியில்லாக் கருவியா? 2022இல் நாட்டில் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது, மின்வெட்டும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஆகவே கிடைப்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஆற்றலின் கணக்கே வழிகாட்டும்.

இக்கருவிகளின் மின்கலவடுக்கிலுள்ள இலிதியம் அயன் கலத்தில் ஒருபுறம் பென்சிற்கரி, மறுபுறம் உலோக ஒட்சைட்டு. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் பென்சிற்கரிப் படைகளுக்கிடையே புகுந்து தங்கும். கருவி இயங்கும்போது ஒட்சைட்டை நோக்கி மீளும். அவ்வேளை வெளிச்சுற்றில் ஓடும் இலத்திரன்கள் மின்னோடியைச் சுழற்றும். 1991இல் சந்தைக்கு வந்த இக்கலத்துக்கு வழிவகுத்த குட்இனஃப், விட்டிங்காம், யோசினோ ஆகிய மூவரும் 2019இல் இரசாயன நோபல் பரிசு பெற்றனர்.

ஒரு கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 3.6 உவோற்று, ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் 18. '20 உவோற்று' எனப் பொறித்த கருவிகள் பலவற்றிலும் இதே ஐந்து கலங்கள்தாம். அவ்வெண் முழுமையாக மின்னேற்றிய நிலையின் உச்சம். 5 அம்பியர் மணித்தியாலக் கொள்ளளவு இருப்பின் ஆற்றல் 90 உவாற்று மணித்தியாலம். 300 உவாற்றை இழுக்கும் புல்வெட்டி அதில் 18 நிமிடம் ஓடும்.

ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9,000 உவாற்று மணித்தியாலம் அடங்கியுள்ளது. சிறிய ஈரடிப்பு எஞ்சின் அதில் ஐந்திலொரு பங்கைக்கூட வேலையாக்குவதில்லை. பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது, எரியாத எரிபொருளும் புகையோடு வெளியேறுகிறது. அவ்விழப்பைக் கழித்தாலும் ஒரு லீற்றர் செய்யும் வேலைக்கு மேற்சொன்ன மின்கலவடுக்குகள் இருபதளவில் தேவை. எழுவான்கரையின் சிறிய வளவில் வேலியைக் கத்தரித்துப் புல்லை வெட்ட ஓரிரு மின்கலவடுக்குகள் போதும். இரைச்சலும் புகையும் அயல்வீட்டை எட்டா. படுவான்கரையின் நீண்ட வயல்வரம்புகளுக்கும் பெரிய தென்னந்தோட்டங்களுக்கும் பெற்றோலே இன்னும் ஈடுகொடுக்கும்.

இக்கரைகளில் மின்கலவடுக்கின் ஆயுளைக் குறைப்பவை வெப்பமும் உப்பும். வெப்பநிலை உயர உயரக் கலத்தினுள் வேண்டாத தாக்கங்கள் விரைந்து, கொள்ளளவைத் தின்னும். ஈரப்புல் சுமையைக் கூட்டி மின்னோட்டத்தை மிகுவிக்கும். அதனாலும் கலம் சூடேறும். வேலை முடிந்ததும் நிழலில் ஆறவிட்டே மின்னேற்ற வேண்டும். பல மாதங்கள் பயன்படுத்தாவிடின் பாதியளவு மின்னேற்றத்துடன் குளிர்ந்த இடத்தில் வைப்பது நலம். கடற்காற்றின் உப்பு உலோக முனைகளை அரிக்காதிருக்க அவற்றை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பழுதான மின்கலவடுக்கைக் குப்பையோடு எரிப்பதும் வாவியில் எறிவதும் தீங்கு. அதிலுள்ள மின்பகுபொருள் தீப்பற்றக்கூடியது, நச்சுவாயுவையும் உமிழும்.

ஆதலால் கடையில் உவோற்றை மட்டும் பார்த்து விலை பேசலாகாது. அதை அம்பியர் மணித்தியாலத்தால் பெருக்கி, வரும் தொகை தம் வளவின் பரப்புக்குப் போதுமா என்று கணித்த பின்னரே வாங்குதல் தகும்.