ஞானப்பல் அகற்றிய பின் மூன்றாம் நாள்

மாந்தர் வாயில் இறுதியாக முளைக்கும் கடைவாய்ப் பல்லை ஞானப்பல் என்றும் அறிவுப்பல் என்றும் வழங்குகிறோம். 17 முதல் 25 வயதுக்குள், அஃதாவது கல்லூரிப் பருவத்தில், முளைப்பதால் இப்பெயர் பெற்றது. அரபு மொழியிலும், புதுவை மண்ணுக்கு நெடுங்காலம் அறிமுகமான பிரெஞ்சு மொழியிலும் இப்பல்லுக்கு அறிவின் பெயரே அமைந்திருத்தல் வியப்புக்குரியது. ஆயினும் பெயரிலுள்ள ஞானம் பல்லின் செயலில் இல்லை. தாடையில் இடம் போதாமையால் சாய்ந்தும் எலும்பினுள் புதைந்தும் கிடந்து, அண்டைப் பல்லை நெருக்கி, ஈற்றில் சீழ் கட்டச் செய்கிறது. அகற்றுவதே வழி என்று மருத்துவர் முடிவு செய்யும் நிலையும் நேர்கிறது.

பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்து பயின்ற எம் மாணவர் ஒருவர் ஒரு வியாழக்கிழமை கீழ்த்தாடை ஞானப்பல்லை அகற்றிக்கொண்டார். வெள்ளியன்று வலி குறைந்து ஜும்ஆவுக்கும் சென்றார். ஞாயிறு இரவு வலி மீண்டும் எழுந்து செவி வரை குத்தியது. ‘பல் பிடுங்கினால் வலிக்கத்தானே செய்யும்’ என்று வீட்டார் தேற்றினர். மூதாட்டி ஒருவர் இலவங்கத்தைப் பொடித்து அக்குழியில் அடைத்தார். மூன்று இரவுகள் உறங்காமல், கன்னத்தில் கை வைத்தவாறே அவர் வகுப்பில் அமர்ந்திருந்ததைக் கண்ட பின்னரே இப்பொருள் பற்றி நாம் மருத்துவரிடம் கேட்டறிய முற்பட்டோம்.

பல் நீங்கிய குழியில் குருதி நிறைந்து உறைகிறது. அவ்வுறைகுருதியே புண்ணுக்கு இயற்கை இட்ட மூடி; அதன்மேல்தான் புதிய தசை வளர்கிறது. அது கரைந்தோ பெயர்ந்தோ போனால் குழியின் எலும்பு திறந்து கிடக்கும். காற்றும் உமிழ்நீரும் உணவுத் துகளும் அதன்மேல் படும்போது எழும் நோவு கொடியது. இதனை ‘உலர்குழி’ என்பர். பிற பற்களைக் காட்டிலும் கீழ்த்தாடை ஞானப்பல்லை எடுத்தோர்க்கு இது மிகுதியாக நேர்கிறது. பீடி, சிகரெட் பிடிப்போர்க்கும் கருத்தடை மாத்திரை உண்ணும் மகளிர்க்கும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

இதனை அறியும் குறி எளிது. இயல்பான வலி நாளுக்கு நாள் தணியும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சமடைந்து பின்னர் வடியும். குறைந்த வலி மூன்றாம் நான்காம் நாளில் மீண்டும் ஏறி, வாயில் கெட்ட வாடையும் சேருமாயின் அஃது உலர்குழி எனக் கருதி அன்றே மருத்துவரை நாடவேண்டும். அவர் குழியைக் கழுவி மருந்திட்ட துணியை வைப்பார். அதன் பின் சில மணி நேரத்திற்குள் பெரும்பாலோர்க்கு வலி தணிகிறது. அம்மருந்தில் பெரும்பாலும் இலவங்க எண்ணெயின் சத்தாகிய யூஜினால் இருக்கும் என்பதால் நம் மூதாட்டியரின் மருந்து பொருளற்றதன்று. எனினும் அளவறியாது பொடியையும் புகையிலையையும் திறந்த புண்ணில் திணித்தால் தசை வெந்து புண் பெரிதாகும்.

எம் மாணவரின் குருதிமூடி பெயர்ந்தது எவ்வாறு? அவர் புகைப்பவர் அல்லர். பல் எடுத்த அன்று மாலை முதலே ஒவ்வொரு ஒளுவின்போதும் முன்போலவே வாயை வேகமாகக் கொப்பளித்து உமிழ்ந்திருக்கிறார். அதுவே காரணமாகலாம் என்றார் மருத்துவர். அவரைக் குறை கூற நாம் துணியோம். முன்னரே எடுத்துச் சொல்வார் இல்லை. ஷாபிஈ, ஹனஃபீ ஆகிய இரு மத்ஹபுகளிலும் ஒளுவில் வாய் கொப்பளித்தல் சுன்னத்தேயன்றி ஃபர்ளு அன்று. ஆகவே முதல் நாள் நீரை மெல்ல ஏந்தி, தலையைச் சாய்த்துத் தானே வழியவிடுதல் போதும். ஹனஃபீ மத்ஹபில் கடமையான குளிப்பில் இஃது ஃபர்ளு ஆதலால் அந்நிலையில் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுதல் நன்று. மிஸ்வாக் குச்சியைப் புண்ணருகே செலுத்தலாகாது. 24 மணி நேரம் கழிந்தபின் வெதுவெதுப்பான உப்புநீரை வாயில் மெல்ல அலசலாம்.

ரமலானில் பல் எடுக்க நேர்ந்தால் நோன்பைப் பிற்பாடு களாச் செய்ய நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்துள்ளது. மருந்தைத் தவறவிட்டு நோன்பைத் தொடர்தல் வேண்டா. நோன்புக் கஞ்சி இந்நாள்களுக்கு ஏற்ற உணவே. ஆறிய பின்னரே அருந்துக. உறிஞ்சுகுழலால் எதையும் பருகலாகாது. உறிஞ்சும் விசையே குருதிமூடியை இழுத்துவிடும்.

குருதிக் கசிவு முதல் நாள் எச்சிலைச் செந்நிறமாக்குவது இயல்பு. இடையறாது பெருகினால் துப்பிக்கொண்டிராமல், தூய துணியை மடித்து அரைமணி நேரம் அழுந்தக் கடித்தல் வேண்டும். அப்போதும் நில்லாவிடில் மருத்துவமனைக்கே செல்க. குருதி உறையாதிருக்க மாத்திரை உண்போரும் நீரிழிவு உடையோரும் இதனை முன்னரே மருத்துவரிடம் கூறுதல் இன்றியமையாதது. உதட்டு மரமரப்பு சில மணி நேரத்தில் நீங்கும். மறுநாளும் நீடித்தால் நரம்பு நலிந்திருக்கலாம் என மருத்துவர்க்குத் தெரிவிக்கவேண்டும்.

கார்டோபா நகரில் வாழ்ந்து 1013-ஆம் ஆண்டளவில் மறைந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, 30 பகுதிகள் கொண்ட தம் ‘அத்தஸ்ரீஃப்’ என்னும் நூலில் பல் பிடுங்க விரைதல் கூடாதென்கிறார். வேரை உள்ளேயே விட்டும் தாடையெலும்பை உடைத்தும் துன்பம் விளைத்த நாவிதர்களை அவர் கடிந்துரைக்கிறார். பல் எடுத்தபின் வரும் கேடுகளை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே எழுதி வைத்தார் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது.

ஒன்று மட்டும் வைகறை வரை காத்திருக்கலாகாதது. கடுங்காய்ச்சல், தாடையின் கீழும் கழுத்திலும் பரவும் வீக்கம், உமிழ்நீரையும் விழுங்க இயலாமை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் நச்சுக்கிருமி கழுத்திற்குள் இறங்குகிறது என்று பொருள். அஃது உயிருக்கே ஊறு. வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களின் சிற்றூர்களில் இரவு வேளையில் பேருந்தை நம்பி இருக்க இயலாது. ஆதலின் 108 ஊர்தியை அழைத்துப் பெருமருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுதல் வேண்டும். பகலில் வரும் ஏனைய தொல்லைகளுக்குக் கோரிமேட்டிலுள்ள அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ நிறுவனத்தையும், பாகூர்ப் பகுதியினர் பிள்ளையார்குப்பத்திலுள்ள பல் மருத்துவக் கல்லூரியையும் நாடலாம்.

எம் மாணவர் குழியில் மருந்து வைத்த அன்றிரவு உறங்கினார். இரு வாரங்களில் ஈறு மூடியது. மறுபக்கத்து ஞானப்பல்லை அடுத்த விடுமுறையில் எடுக்கவிருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.