மோசமான ஆட்டத்தையும் முடித்துவிட்டு வாருங்கள்

காற்பந்தில் ஒருவர் சரியாக ஆடவில்லை என்றால் பயிற்றுநர் அவரை வெளியே அழைத்து வேறொருவரை இறக்கிவிடுவார். பூப்பந்தில் எதிராளி வெற்றிக்குத் தேவையான புள்ளிகளை எடுத்துவிட்டால் அந்த ஆட்டம் அத்தோடு முடிந்துவிடும். கோல்பில் இந்த இரண்டு வசதியும் இல்லை. அடிகளை எண்ணி வெற்றியாளரை முடிவு செய்யும் போட்டியில், பந்து குழிக்குள் விழும்வரை அடித்துத்தான் ஆகவேண்டும். 4 அடிகளில் முடிக்க வேண்டிய குழியை 11 அடிகளில் முடித்தாலும் அடுத்த குழி காத்திருக்கும். மொத்தம் 18 குழிகள். நான்கு மணி நேரத்துக்கும் மேல் வெயிலில் நடக்க வேண்டும்.

ஆகவே, கோல்ப் ஆடுகிறவர் கற்க வேண்டிய திறமைகளில் ஒன்று, மோசமான ஆட்டத்தை எப்படி முடிப்பது என்பது. தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்கும் அது தேவை என்பதால்தான் இந்தப் பக்கத்தில் கோல்பைப் பற்றி எழுதுகிறேன்.

கோல்ப் பணக்காரர்களின் விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. ஆனால் எம். இராமையா, பி. குணசேகரன் போன்ற நம்மவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்களாக மலேசியாவின் பெயரை வெளியே கொண்டு சென்றிருக்கிறார்கள். பிறைத் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு நிறுவனப் போட்டிகள் வழியாகத்தான் இந்த ஆட்டம் அறிமுகமாகிறது.

அப்படியொரு போட்டியில் 72 அடிகளுக்கு வகுக்கப்பட்ட திடலை நான் 126 அடிகளில் முடித்தேன். ஐந்தாவது குழியில் மட்டும் 11. பந்து இரண்டு முறை குளத்துக்குள் போனது. எங்கள் குழுவில் இருந்த மூத்தவர்தான் என் அட்டையில் எண்களை எழுதினார். கோல்பில் நம் கணக்கை உடன் ஆடுபவர் எழுதுவார். கடைசியில் நாம் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவர் "பதினொன்று" என்று சத்தமாகச் சொல்லி எழுதிவிட்டு, "தம்பி, அந்தக் குழி முடிஞ்சிடுச்சி. வாங்க, அடுத்தது கிட்டத்தான் இருக்கு" என்றார். இதைவிட நல்ல பயிற்சியை எந்த வகுப்பிலும் நான் பெற்றதில்லை.

நடுவில் விட்டவரும் தொடர்ந்தவர்களும்

1921ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடல். பிரிட்டிஷ் பொதுப் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்ற 19 வயது அமெரிக்க இளைஞர் ஆடிக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றின் முதல் 9 குழிகளுக்கே 46 அடிகள் ஆகிவிட்டன. 11ஆவது குழியில் பந்து மணற்பள்ளத்தில் மாட்டிக்கொண்டது. கோபம் தாங்காமல் ஆட்டத்தைக் கைவிட்டுவிட்டார். அதற்காகப் பிற்காலத்தில் அவர் மிகவும் வருந்தினார். அதே திடலுக்குத் திரும்பி வந்து 1927இல் அதே போட்டியை வென்றார். 1930இல் அக்காலத்தின் நான்கு பெரிய பட்டங்களையும் ஒரே ஆண்டில் கைப்பற்றினார். 1958இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் அவருக்குத் தன் உயரிய கௌரவத்தை வழங்கியது. திறமை 1921இலும் அவரிடம் இருந்தது. பொறுமைதான் பிறகு வந்து சேர்ந்தது.

2020ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டிக்கு நடப்பு வெற்றியாளராக வந்தவர் டைகர் வூட்ஸ். கடைசி நாளில், 3 அடிகளில் முடிக்க வேண்டிய 12ஆவது குழிக்கு அவர் 10 அடிகள் எடுத்தார். பட்டம் ஏற்கெனவே கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஆனால் அடுத்து மீதமிருந்த 6 குழிகளில் ஐந்தை, வகுக்கப்பட்டதைவிட ஓர் அடி குறைவாக முடித்தார். அந்த ஐந்தும் அவருக்குப் பட்டம் வாங்கித் தரவில்லை. இருந்தும் அவர் ஆடினார்.

ரோரி மெக்கல்ராயின் கதை இன்னும் நீண்டது. 2011 மாஸ்டர்ஸ் போட்டியில் மூன்று சுற்றுகள் முடிந்தபோது அவர் 4 அடிகள் முன்னிலையில் இருந்தார். கடைசிச் சுற்றில் 80 அடிகள் அடித்துப் பின்தங்கினார். இரண்டே மாதத்தில் அமெரிக்கப் பொதுப் போட்டியை 8 அடிகள் வித்தியாசத்தில் வென்றார். ஆனால் கைநழுவிய அந்த மாஸ்டர்ஸ் பட்டம் அவருக்குக் கிடைத்தது 2025இல்தான். இடையில் 14 ஆண்டுகள்.

20இல் 8

கோல்ப் ஆட்டக்காரரின் தரத்தைக் காட்ட 'ஹேண்டிகேப்' என்ற எண் உண்டு. 2020இல் நடைமுறைக்கு வந்த உலகளாவிய முறைப்படி, ஒருவரின் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8 மட்டுமே சராசரிக்கு எடுத்துக்கொள்ளப்படும். மற்ற 12 ஆட்டங்கள் கணக்கில் சேராது. அதோடு, ஒரு குழியில் எத்தனை அடிகள் அடித்திருந்தாலும், தரக் கணக்கில் அதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு. ஒரு குழியில் ஏற்பட்ட சரிவு முழுத் தரத்தையும் விழுங்கிவிடக் கூடாது என்பதே இந்த ஏற்பாடு.

ஆனால் மோசமான ஆட்டங்களையும் மறைக்காமல் பதிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் எழுதியவருக்குத்தான் எவை சிறந்தவை என்று தெரியும்.

மாலை வேளைகளில் ஐந்தாம் படிவ மாணவர்கள் சிலருக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். எஸ்.பி.எம். தேர்வில் முதல் தாள் சரியாக அமையவில்லை என்று மனமுடைந்து, இரண்டாம் தாளில் பல கேள்விகளைத் தொடாமலேயே விட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் தாளில் போன புள்ளிகளைவிட, இப்படிப் போனவை அதிகம். இரண்டாம் தாளில் விடை தவறானாலும் வழிமுறைக்குப் புள்ளி உண்டு. வெறும் தாளுக்கு எதுவும் இல்லை.

தேர்வு வாரியம் உங்கள் மோசமான தாளை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடாது என்பது உண்மைதான். ஆனால் நீங்கள் உங்களை எடைபோடும்போது அப்படிச் செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பயிற்சித் தேர்வுகளின் புள்ளிகளை எல்லாம் எழுதி வையுங்கள். 35 வாங்கினால் 35 என்றே எழுதுங்கள். பக்கத்தில் காரணம் ஒரு வரி. 20 தேர்வுகள் சேர்ந்ததும் சிறந்த எட்டின் சராசரியைப் பாருங்கள். உங்களால் எட்டக்கூடிய உயரம் எது என்று தெரியும். மீதிப் பன்னிரண்டும் எங்கே உழைக்க வேண்டும் என்று காட்டும்.

பிறர் ஆட்டத்தைக் கெடுக்காமல்

இன்னொன்றையும் கோல்ப் கற்றுத் தருகிறது. நம் ஆட்டம் எவ்வளவு மோசமாகப் போனாலும், உடன் வருபவர் அடிக்கும்போது அமைதியாக நிற்க வேண்டும். நாம் மிதித்த மணலை நாமே சமப்படுத்த வேண்டும். பெயர்ந்த புல்லை எடுத்து அதே இடத்தில் வைக்க வேண்டும். பின்னால் வருபவர்களைக் காக்க வைக்கக் கூடாது. கடைசிக் குழியில் தொப்பியைக் கழற்றி எல்லோருக்கும் கைகொடுக்க வேண்டும். நமக்கு நேர்ந்ததை மற்றவர்கள் தலையில் ஏற்றக் கூடாது என்பதே இதன் பொருள்.

தேர்வு மண்டபத்தைவிட்டு வெளியே வரும்போதும் இதே ஒழுங்கு பொருந்தும். "போச்சுடா" என்று வாசலிலேயே உட்கார்ந்து புலம்பினால், அடுத்த தாளுக்குத் தயாராக நிற்கும் நண்பனின் தைரியமும் சேர்ந்து போகும். தண்ணீர் குடியுங்கள். விடைகளை ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தேர்வுகள் எல்லாம் முடியும்வரை தள்ளி வையுங்கள். அடுத்த தாளுக்கான பேனா இருக்கிறதா என்று பாருங்கள். மணி அடித்ததும் உள்ளே போய் முதல் கேள்வியை நிதானமாகப் படியுங்கள்.