போகிற போக்கில் நீராவி செய்யும் வேலை

யார்க் நகரில் ரயில் மாற வேண்டியிருந்தது. நடுவில் சில மணி நேரம் கையில் இருந்தது. மின்ஸ்டர் தேவாலயத்தைப் பார்க்கலாம் என்றுதான் கிளம்பினேன். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இங்கிலாந்தின் தேசிய ரயில்வே மியூசியம் இருக்கவும் கால் அங்கே போய்விட்டது. அனுமதி இலவசம். அரச குடும்பத்துப் பெட்டிகள், ஜப்பானின் முதல் தலைமுறை புல்லட் ரயில் எல்லாம் உண்டு. என்னை நிறுத்தியது எல்லர்மேன் லைன்ஸ் என்கிற என்ஜின்.

1949இல் கட்டியது. நிஜமாக ஓடிய அந்த என்ஜினின் பக்கவாட்டை அறுத்து, வயிற்றுக்குள் இருப்பது தெரியும்படி வைத்திருக்கிறார்கள். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகச் சொல்கிறேன்.

பின்னால், டிரைவர் நிற்கும் இடத்தை ஒட்டி, நிலக்கரி எரியும் அடுப்பு. அதிலிருந்து கிளம்பும் குழாய்கள் பாய்லரின் நீளம் முழுக்க ஓடி, புகைபோக்கிக்குக் கீழே உள்ள அறையில் முடிகின்றன. குழாய்க்குள்ளே சூடான புகை, வெளியே தண்ணீர். தண்ணீர் கொதித்து நீராவியாகி, சிலிண்டருக்குள் போய்ப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இதுவரை பள்ளிக்கூடப் பாடம்தான்.

தள்ளி முடித்த நீராவி எங்கே போகிறது? அதைச் சும்மா வெளியே விடுவதில்லை. புகைபோக்கிக்கு நேர் கீழே, ஒரு குறுகிய முனை வழியாக மேல்நோக்கிப் பீய்ச்சுகிறார்கள். அது போகிற வேகத்தில் அந்த அறையில் இருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அறையில் அழுத்தம் குறைகிறது. உடனே குழாய்கள் வழியாகப் புகை முன்னே பாய்கிறது. அடுப்புக்கு அடியிலிருந்து புதுக்காற்று உள்ளே ஏறுகிறது. கரி கனன்று எரிகிறது. கொல்லன் பட்டறையில் துருத்தி போட ஓர் ஆள் வேண்டும். இங்கே என்ஜின் தனக்குத்தானே துருத்தி போட்டுக்கொள்கிறது.

ஏற்றம் வந்தால் டிரைவர் நீராவியைக் கூடுதலாகத் திறக்கிறார். வெளியேறும் நீராவி கூடும், இழுப்பு கூடும், நெருப்பும் கூடும். இறக்கத்தில் எல்லாம் தானே அடங்கும். விசிறி இல்லை, மோட்டார் இல்லை. 1829இல் ஸ்டீபன்சனின் 'ராக்கெட்' என்ஜினிலேயே இந்த ஏற்பாடு இருந்தது. இதைவிட அழகான இயந்திர யோசனை ஒன்றை நான் பார்த்ததில்லை. 'குப் குப்' சத்தம் பிறப்பதும் அந்த முனையில்தான். பிஸ்டனை இரண்டு பக்கமும் மாறி மாறித் தள்ளுவதால், சாதாரணமாக இரண்டு சிலிண்டர் என்ஜினில் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் நான்கு குப். எல்லர்மேன் லைன்ஸுக்கு மூன்று சிலிண்டர், ஆகவே ஆறு.

அதே மியூசியத்தில்தான் நீல நிற மல்லார்ட் நிற்கிறது. 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல், அதாவது சுமார் 203 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது. நீராவி என்ஜின்களில் உலக சாதனை அது. வருகிறவர்கள் அதன் வழுவழுப்பான மூக்கைப் படம் எடுக்கிறார்கள். காற்றைக் கிழிக்க அந்த உருவமும் உதவியது உண்மைதான். ஆனால் பார்க்க வேண்டியது மேலே இருக்கும் இரட்டைப் புகைபோக்கி. பின்லாந்துப் பொறியாளர் ஒருவரின் யோசனையைப் பிரான்ஸின் ஆந்த்ரே ஷாப்லோன் மேம்படுத்திய 'கைல்சாப்' அமைப்பு அது. நீராவியைப் பல கூறாகப் பிரித்து, புகையோடு நன்றாகக் கலந்து வெளியேற்றும். பிஸ்டன் தன் நீராவியை வெளியே தள்ளப் படும் பாடும் குறையும், நெருப்புக்கு வேண்டிய இழுப்பும் கிடைக்கும்.

சாதனை படைத்த அன்று நெருப்பு குறை வைக்கவில்லை. நடு சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங்தான் சூடேறிப்போனது. பீட்டர்பரோவில் மல்லார்டைக் கழற்றிவிட்டார்கள். அங்கிருந்து லண்டன் வரை ரயிலை வேறொரு என்ஜின் இழுத்துச் சென்றது.