தொலைவுக் கோப்புக்கு உள்ளூர்ப் பிரதி

வேறொரு கணினியில் கிடக்கும் கோப்பை, எதிரிலுள்ள கணினியிலேயே இருப்பதுபோலத் திறந்து படிக்க வைப்பது நெட்வொர்க் கோப்பு முறைமை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் என்எஃப்எஸ், கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஏஎஃப்எஸ், விண்டோஸ் கணினிகள் பயன்படுத்தும் எஸ்எம்பி ஆகியவை இவ்வகை. இதன் விலை, சர்வருக்குப் போய்வரும் நேரம். நூறு கணினிகள் காலையில் ஒரே மென்பொருளைக் கேட்டால் சர்வர் திணறிவிடும்.

ஒருமுறை வந்த தரவை எடுத்துவைத்துக்கொள்வதுதான் வழி. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதை ராமில் பக்கம் பக்கமாகச் சேமித்துவைக்கிறது. ஆனால் ராமில் இடம் குறைவு. கணினியை அணைத்தால் எல்லாம் போய்விடும். எனவே டிஸ்கிலும் ஒரு பிரதி, அதாவது கேஷ். லினக்ஸில் இதைப் பார்த்துக்கொள்வது எஃப்எஸ்-கேஷ். ரெட் ஹாட் நிறுவனத்தின் டேவிட் ஹவல்ஸ் உருவாக்கிய இது, 2009-இல் கெர்னலின் 2.6.30 பதிப்பில் இடம்பெற்றது. எஃப்எஸ்-கேஷ் ஒரு தரகர் மட்டுமே. கோப்பு முறைமைகள் கொடுக்கும் தரவை டிஸ்கில் சாதாரணக் கோப்புகளாக எழுதிவைப்பது கேஷ்ஃபைல்ஸ் என்னும் மற்றொரு பகுதி.

எஃப்எஸ்-கேஷின் பழைய வடிவம் வேலை செய்தது, ஆனால் சிக்கலாக இருந்தது. டிஸ்கிலிருந்து ஒரு பக்கம் வேண்டுமென்றால், உள்ளூர்க் கோப்பு முறைமை அதை முதலில் தன் பக்கமாக ராமில் ஏற்றும். கேஷ்ஃபைல்ஸ் அது முடியும்வரை காத்திருந்து, நெட்வொர்க் கோப்பின் பக்கத்துக்கு நகலெடுக்கும். ஒரே தரவு ராமில் இரண்டு இடத்தில் உட்காரும். எந்தப் பகுதி கேஷில் இருக்கிறது என்பதை அறிய, டிஸ்கில் அதற்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று உள்ளூர்க் கோப்பு முறைமையைக் கேட்க வேண்டியிருந்தது. இதில் ஒரு பொறி உண்டு: சில கோப்பு முறைமைகள் தம் வசதிக்காகச் சிறு இடைவெளிகளைப் பூஜ்யங்களால் நிரப்பிவிடும். வராத தரவு வந்ததுபோல் தோன்றும். போதாததற்கு, ஒவ்வொரு கோப்பும் ஒவ்வொரு செயலும் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கணக்கு வைக்கும் பெரிய நிலைப் பொறியமைப்பு வேறு.

2022 மார்ச்சில் வெளியான 5.17 பதிப்பில் எஃப்எஸ்-கேஷ் ஏறக்குறைய புதிதாகவே எழுதப்பட்டது. எத்தனை அடுக்கும் போகக்கூடிய பழைய மரம் போய், தொகுதி, கோப்பு என்று இரண்டே அடுக்குகள் வந்தன. தரவு உள்ளூர்க் கோப்பு முறைமையின் பக்கங்களைச் சுற்றாமல் டிஸ்குக்கும் நெட்வொர்க் கோப்பின் பக்கங்களுக்கும் இடையே நேரடியாகப் போய்வருகிறது. இரட்டை நகல் இல்லை. இடைவெளி எங்கே, தரவு எங்கே என்ற கேள்வி மட்டும் இன்னும் உள்ளூர்க் கோப்பு முறைமையிடமே கேட்கப்படுகிறது, வேறொரு முறையில். அந்தப் பழைய ஐயம் முழுதாகத் தீர்ந்துவிடவில்லை.

பிரதி பழசாகிவிட்டால் என்ன செய்வது? ஒவ்வொரு பிரதியோடும் அதன் பதிப்புக் குறிப்பு சேமிக்கப்படுகிறது. ஏஎஃப்எஸ்ஸில் இந்தக் குறிப்பு, சர்வர் தரும் தரவுப் பதிப்பு எண். அது ஒத்துவராவிட்டால் பிரதி தள்ளுபடி. இங்கே புது வடிவம் செய்வது எளிது: பழைய கோப்பைத் துடைத்துக்கொண்டிராமல் புதிய தற்காலிகக் கோப்பு ஒன்றைத் திறந்துவிடும். பாதியில் நிற்கும் எழுத்து வேலைகள் பழைய கோப்பிலேயே முடிந்து, அதோடு மறையும். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படி எளிமையாக்க முடிந்ததற்குக் காரணம், கேஷ் ஒரு கூடுதல் வசதி என்பதே. அதில் எழுத முடியாவிட்டாலும் மூலம் சர்வரில் பத்திரமாக இருக்கிறது. இடம் நெருக்கடியானால் பழைய பிரதிகள் தாமே களையப்படும். வழக்கமான அமைப்பில், டிஸ்கின் காலியிடம் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் களையெடுப்பு தொடங்கி, 7 சதவீதத்தை எட்டியதும் நிற்கும்.

இன்னொரு மாற்றம் நெட்எஃப்எஸ் நூலகம். 2021-இல் 5.13 பதிப்பில் வந்தது. ஒரு வாசிப்பில் பாதி கேஷிலும் மீதி சர்வரிலும் இருந்தால் அதைத் துண்டுகளாக்கி இரு இடத்திலிருந்தும் சேர்க்கும் வேலையை, முன்பு ஒவ்வொரு கோப்பு முறைமையும் தானே எழுதிக்கொண்டது. இப்போது அதை நூலகம் பொதுவாகச் செய்கிறது. 2024-இல் வந்த 6.8 பதிப்பில் எஃப்எஸ்-கேஷும் அதனுடனேயே இணைக்கப்பட்டது.

என்எஃப்எஸ்ஸில் இந்த டிஸ்க் கேஷ் வசதி தானாக இயங்காது; இணைக்கும்போது தனியாகக் கேட்க வேண்டும். எல்லா இடத்திலும் அது பயன்தராது: வேகமான நெட்வொர்க்கும் மெதுவான டிஸ்கும் உள்ள இடத்தில், பிரதியைத் தேடுவதற்குள் சர்வரே பதில் சொல்லிவிடும்.