காலடியில் கிறீச்சிடும் பலகை

லண்டன் ஈஸ்ட் ஹாமில் நூறு வருடம் தாண்டிய வரிசை வீடு ஒன்றின் மாடியில் நண்பர் வாடகைக்கு இருந்தார். குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, கால் பட்டாலே கிறீச்சென்று கத்தும். தூங்கவைத்த குழந்தை எழுந்துவிடும். ஒரு சனிக்கிழமை நீளமான ஸ்க்ரூ வாங்கிவந்து அந்த இடத்தில் இறக்கினார். சத்தம் நின்றது. திங்கட்கிழமை கீழ்வீட்டுக் கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரக்கறை. ஹீட்டர் குழாயைத் துளைத்த ஸ்க்ரூவே அந்த ஓட்டையைப் பாதி அடைத்திருந்ததால், தண்ணீர் இரண்டு நாள் சத்தமில்லாமல் கசிந்திருக்கிறது.

விக்டோரியா காலத்து வீடுகளில் மரத்தரை என்பது, ஜோயிஸ்ட் எனப்படும் குறுக்குக் கட்டைகளின் மேல் ஆணியடித்த பலகைதான். பின்னாளில் சென்ட்ரல் ஹீட்டிங் வந்தது. மரம் காய்ந்து சுருங்க, ஆணியின் பிடி தளர்ந்தது. மிதிக்கும்போது பலகை ஆணியோடு உரசி ஏறி இறங்குகிறது, அதுதான் சத்தம். அதனால் மட்டும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே ஹீட்டிங்குக்காகப் பல வீடுகளில் ஜோயிஸ்டின் மேல்பக்கத்தை வெட்டி, பலகைக்கு நேர் கீழே குழாய் பதித்திருக்கிறார்கள். மின்கம்பியும் அப்படி ஓடலாம். ஜோயிஸ்டின் மேல்விளிம்பிலிருந்து குறைந்தது 50 மில்லிமீட்டர் கீழே கம்பி போக வேண்டும், இல்லாவிட்டால் தகுந்த பாதுகாப்பு வேண்டும் என்பது இன்றைய விதி. பழைய வயரிங்கில் அதை நம்பிக் கையை வைக்காதீர்கள்.

சொந்த வீடானால் பலகையைக் கழற்றிக் கீழே பார்த்துவிட்டு, குழாயும் கம்பியும் இல்லாத இடத்தில், முதலில் சின்னத் துளை போட்டு ஸ்க்ரூ முடுக்குங்கள். இரண்டு பலகைகள் ஒன்றோடொன்று உரசுவதுதான் காரணமென்றால் இடுக்கில் கொஞ்சம் டால்கம் பவுடர் தூவினாலே அடங்கிவிடும். வேலையின்போது எரிவாயு வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியேறி 0800 111 999-ஐ அழையுங்கள்.

தரையில் பழைய டைல்ஸும் அதன் அடியில் கறுப்புப் பசையும் இருந்தால் சுரண்டாதீர்கள், தேய்க்காதீர்கள். அவற்றில் கல்நார் இருக்கலாம். பிரிட்டனில் அதற்கு முழுத் தடை வந்ததே 1999இல்தான். சோதித்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.

வாடகை வீடானால் கதை வேறு. கிறீச்சொலி மட்டும் இருந்தால் வீட்டுக்காரரைச் சட்டப்படி வற்புறுத்துவது கடினம். தரை தொய்கிறது, பலகை இற்றுப்போயிருக்கிறது, உளுத்து மாவு கொட்டுகிறது என்றால் அது கட்டமைப்புப் பழுது. இங்கிலாந்தில் 7 ஆண்டுக்குக் குறைந்த வாடகைக்கு, 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர் – குடியிருப்போர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, அதைச் சரிசெய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி அதை உங்கள் தலையில் கட்ட முடியாது. நம்மவர்கள் பலர் தெரிந்தவர் வீடு என்று வாய்ப்பேச்சிலேயே குடியேறுகிறோம். வாய்மொழி வாடகைக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. வீடு குடியிருக்கத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற 2018ஆம் ஆண்டுச் சட்டமும் துணைக்கு இருக்கிறது.

அண்ணா, தம்பி என்று பழகியவரானாலும் பழுதை எழுத்தில் தெரிவியுங்கள். தேதி போட்டு, படத்தோடு, வாட்ஸ்அப்பிலாவது அனுப்பி வையுங்கள். அவர் அசையாவிட்டால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குப் புகார் செய்யலாம். கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள்; பாக்கி சேர்ந்தால் வீட்டைவிட்டு வெளியேற்ற நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்ததாகும். அனுமதி கேட்காமல் ஸ்க்ரூ அடித்தாலும் அதே வம்புதான். என் நண்பரின் டெபாசிட்டில் பெரும்பகுதி கீழ்வீட்டுக் கூரையைப் பூசவே போனது.