திங்கள்கிழமை மட்டும் மக்கர் செய்த வண்டி!

அதிகாலை மூன்று மணி. திருச்சி தென்னூரில் ஊரே தூங்கிக் கொண்டிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரே ஒருவர் மட்டும் எழுந்து, தன் பிக்கப் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்புகிறார். “டிக்... டிக்...” அவ்வளவுதான். வண்டி கிளம்பவில்லை!

குட்டீஸ், இது சாதாரண விஷயம் இல்லை. லால்குடி பக்கத்துத் தோட்டங்களில் கீரைக்கட்டும், வெண்டையும், கத்தரியும் இந்த வண்டிக்காகக் காத்திருக்கும். விடிவதற்குள் தென்னூர் உழவர் சந்தைக்கு வந்து சேர வேண்டும். தாமதமானால் கீரை வாடிவிடும். வாடிய கீரையை யார் வாங்குவார்கள்? நஷ்டம் விவசாயிக்கு, திட்டு டிரைவர் அண்ணனுக்கு!

அன்று நாங்கள் நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் வண்டியைக் கிளப்பினோம். அடுத்த நாள் ஜோராகக் கிளம்பியது. புதன், வியாழன், வெள்ளி, சனி... ஒரு பிரச்னையும் இல்லை. மறுபடி திங்கள்கிழமை வந்ததும், “டிக்... டிக்...”

“பேட்டரி போச்சு” என்றார்கள் பலர். கடன் வாங்கி, புது பேட்டரி போட்டார் அண்ணன். என்ன ஆயிற்று தெரியுமா? இரண்டு வாரம் கழித்து, புது பேட்டரியும் திங்கள்கிழமை படுத்துக்கொண்டது! வண்டிக்கு திங்கள் என்றால் ஆகாதா? ஸ்கூலுக்குப் போக அழும் சில பேர் மாதிரி!

இந்த மர்மத்தைக் கண்டுபிடித்தவர், வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கும் மெக்கானிக் பாய். அவர் துப்பறிந்த விதத்தை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

அதற்கு முன், வண்டிக்கு பேட்டரி எதற்கு என்று தெரிந்து கொள்வோமா? ஆரம்ப கால கார்களை, முன்னால் ஒரு இரும்புக் கம்பியைச் செருகிக் கையால் சுற்றித்தான் கிளப்புவார்கள். இன்ஜின் திடீரென்று எதிர்ப்பக்கம் உதைத்தால் கை எலும்பே முறிந்து போகும். 1912ல் அமெரிக்காவின் காடிலாக் காரில், சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய ஸ்டார்ட்டர் மோட்டார் வந்தது. இதைத்தான் நம் ஊரில், ‘செல்ப்’ என்கிறோம். இந்த மோட்டார், சில நொடிகள் மட்டுமே சுற்றும். ஆனால், அந்தச் சில நொடியில் நூறு, இருநூறு ஆம்பியர் மின்சாரத்தை மடமடவென்று குடித்துவிடும்! கொடுப்பது பேட்டரி. இன்ஜின் ஓட ஆரம்பித்ததும், ஆல்டர்னேட்டர் என்ற கருவி, குடித்ததைத் திரும்ப நிரப்பிவிடும்.

சரி, பாய் என்ன செய்தார்?

முதலில் பேட்டரியை எடுத்துப்போய் முழுதாக சார்ஜ் செய்து, சில மணி நேரம் சும்மா வைத்து, மல்டிமீட்டரால் பார்த்தார். 12.6 வோல்ட். நல்ல பேட்டரி! அதை மாட்டி இன்ஜினை ஓட விட்டார். 14 வோல்ட் காட்டியது. அப்படியென்றால் ஆல்டர்னேட்டரும் ஒழுங்காக நிரப்புகிறது. ‘நீ திருடன் இல்லை, நீயும் திருடன் இல்லை’ என்று இரண்டு பேரை விட்டாயிற்று.

அடுத்து, பாய் கேட்ட கேள்விதான் எனக்குப் பிடித்தது. “தம்பி... ஞாயித்துக்கெழம வண்டி எங்க நிக்கும்?”

“வீட்டு வாசல்லதான் பாய். சனிக்கிழமை மதியம் பன்னெண்டு மணிக்கு நிறுத்துனா, திங்கக்கிழமை காலையில மூணு மணிக்குத்தான் எடுப்பேன்.”

பாய் சிரித்தார். “அப்ப, நீ தூங்கறப்ப யாரோ உன் பேட்டரியக் குடிக்கிறான்!”

நிறுத்தி வைத்த வண்டியிலும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கடிகாரம் நேரத்தை மறக்காமல் இருக்க வேண்டுமே! இது மிகக் குறைவு. 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலை இல்லை. அதற்கு மேல் போனால், எங்கோ ஓட்டை என்று அர்த்தம். மெக்கானிக்குகள் இதை, ‘கரன்ட் லீக்’ என்பர்.

லீக்கை எப்படி அளப்பது? லால்குடியிலிருந்து வரும்போது நம்பர் 1 டோல்கேட்டைத் தாண்டுவோமே, அங்கே ஒரு காலத்தில் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்தித்தான் விட்டிருப்பார்கள் இல்லையா? அதே மாதிரி, மின்சாரம் முழுவதும் ஒரே வாசல் வழியாகப் போக வேண்டும். அந்த வாசலில் மீட்டர் உட்கார வேண்டும்.

சாவியை உருவி, கதவுகளை மூடி, பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றினார் பாய். மீட்டரை ஆம்பியர் அளக்கும்படி மாற்றி, அதன் ஒரு முனையை பேட்டரியிலும், மறுமுனையைக் கழற்றிய ஒயரிலும் சேர்த்தார். (ஏன் நெகடிவ்? வண்டியின் உடம்பு முழுவதும் நெகடிவோடுதான் இணைந்திருக்கும். பாசிடிவை முதலில் கழற்றும்போது, ஸ்பேனர் தெரியாமல் வண்டித் தகட்டில் பட்டால், பட்டென்று தீப்பொறி பறக்கும்!) இப்படி மீட்டர் இருக்கும்போது யாரும் செல்ப் அடித்துவிடக் கூடாது. மீட்டரே போய்விடும். அதனால், சாவி பாயின் சட்டைப் பைக்குள் போய்விட்டது.

மீட்டர் காட்டிய எண் 1.04!

இப்போது கணக்குப் போடுவோமா? மீட்டர் ஏறக்குறைய 1 ஆம்பியர் காட்டுகிறது. பேட்டரியில், ‘60 ஆம்பியர் ஹவர்’ என்று எழுதியிருந்தது. அதாவது, விடாமல் 1 ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருந்தால், ஏறக்குறைய 60 மணி நேரத்தில் காலி. சாதாரண நாளில் வண்டி நிற்பது 12 மணி நேரம். 12 போனாலும் 48 மீதி. வண்டி கிளம்பிவிடும், ஓட ஓட, போனதும் நிரம்பிவிடும். ஆனால், சனி மதியம் முதல் திங்கள் காலை வரை 39 மணி நேரம்! மீதி 21 மட்டுமே. டீசல் இன்ஜினைச் சுற்ற அது எங்கே போதும்? திங்கள்கிழமை மர்மம் விலகியது. பாவம், பழைய பேட்டரி! குற்றம் செய்யாமலே தண்டனை வாங்கிவிட்டது.

யார் குடிக்கிறான் என்பது இன்னும் பாக்கி. பாய், பியூஸ் பெட்டியைத் திறந்தார். ஹெட்லைட்டுக்கு ஒன்று, ஹாரனுக்கு ஒன்று, வைப்பருக்கு ஒன்று என்று வரிசையாகப் பியூஸ்கள். ஒவ்வொன்றாக உருவி, மீட்டரைப் பார்த்து, திரும்பச் செருகினார். எதை உருவும்போது எண் சடாரென்று விழுகிறதோ, அந்தப் பாதையில்தான் லீக்.

ஹெட்லைட்... 1.04. ஹாரன்... 1.04. வைப்பர்... அதே 1.04. கடிகார பியூசை உருவியதும் 1.01 ஆனது. அது நியாயமான செலவு. கடைசி பியூசும் முடிந்தது. திருடன் அகப்படவில்லை!

எனக்கு சப்பென்று ஆகிவிட்டது. பாய் அசரவில்லை. “பியூஸ் பெட்டி வழியா வரலன்னா, பெட்டிக்கு முன்னாடியே எவனோ பிரிஞ்சு போயிருக்கான்” என்று, பேட்டரி பாசிடிவ் முனையைக் குனிந்து பார்த்தார். அங்கே தடிமனான ஒயர்களோடு, ஒல்லியாக ஒரு சிவப்பு ஒயர்! வண்டிக் கம்பெனி போட்ட ஒயரே இல்லை அது. அதைப் பிடித்துக்கொண்டே போனால், டிரைவர் சீட்டுக்கு அடியில் போய் நின்றது. அங்கே ஒரு கறுப்புப் பெட்டி.

பாட்டுப் பெட்டிக்கு சத்தம் கூட்டும் ஆம்ப்ளிபயர்! பாய் என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. வண்டியை நிறுத்தி நெடுநேரம் ஆகியிருந்தது, பாட்டும் ஓடவில்லை. மின்சாரம் குடிக்காத பெட்டி எப்படிச் சூடாகும்? சிவப்பு ஒயரைக் கழற்றினார். மீட்டர் சரக்கென்று 0.03க்கு இறங்கியது.

பாட்டுப் பெட்டி போட்டபோது, ‘சாவி போட்டால் மட்டும் விழித்துக்கொள்’ என்று ஆம்ப்ளிபயருக்குச் சொல்லும் மெல்லிய ஒயரை, எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்தில் இணைத்துவிட்டிருந்தார்கள். அதனால், அது இரவு பகலாகக் கண்விழித்துக் கிடந்தது. அதைவிட மோசம், அந்தச் சிவப்பு ஒயரில் பியூசே இல்லை! எங்காவது உரசி, தோல் கிழிந்து தகட்டில் பட்டிருந்தால் வண்டியே எரிந்திருக்கும். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு பியூசைப் போட்டு, மெல்லிய ஒயரைச் சாவியோடு வரும் இணைப்புக்கு மாற்றினார் பாய். வேலை அரை மணி நேரம்தான். கண்டுபிடிக்கத்தான் ஒரு காலைப்பொழுது ஆயிற்று.

நீங்கள் வண்டி பேட்டரியில் கை வைக்கக் கூடாது குட்டீஸ். உள்ளே இருப்பது கந்தக அமிலம். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும். தீப்பொறி பட்டால் வெடிக்கும்.

ஆனால், வீட்டிலேயே இந்தத் துப்பறியும் வேலையைச் செய்யலாம். உங்கள் வீட்டு மின்சார மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மின்னும், பார்த்திருக்கிறீர்களா? பக்கத்திலேயே, ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை மின்னும் என்று எழுதியிருக்கும். பல மீட்டர்களில், 3200. ஒரு நாள் அப்பா, அம்மாவிடம் சொல்லிவிட்டு, லைட், பேன், பிரிட்ஜ் எல்லாவற்றையும் சிறிது நேரம் நிறுத்துங்கள். ஆனால், பிளக்குகளைப் பிடுங்க வேண்டாம். பிறகு மீட்டரைத் தொடாமல், தள்ளி நின்று பாருங்கள். விளக்கு மின்னுகிறதா? கடிகாரத்தில் நேரம் பாருங்கள். 3200 என்று எழுதிய மீட்டரில், இரண்டு நிமிடத்துக்குச் சற்று முன்பே ஒரு தரம் மின்னினால், எதுவோ 10 வாட் குடிக்கிறது. ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவியா, செட்டாப் பாக்ஸா, சுவரிலேயே தொங்கும் செல்போன் சார்ஜரா? பெரியவர்களை விட்டு ஒவ்வொரு சுவிட்சாக அணைக்கச் சொல்லி, மின்னும் இடைவெளி எப்போது கூடுகிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள்.

எங்கள் வீட்டில் அகப்பட்டது செட்டாப் பாக்ஸ். தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது!